நோன்பு நாளில் எடுத்த எச்சில்

சிதம்பரம்
28-12-1964

அன்புள்ள மச்சான் வதூதுக்கு,

ஹாஸ்டலை விட்டு வந்து இத்தனை வருஷம் கடுதாசி போடாதவன் இப்போது போடுகிறான் என்றால் காரியம் இருக்கும் என்று நினைப்பாய். சரிதான். உங்கள் தெருக்காரர்களின் எச்சில் எனக்கு வேண்டும்.

சிரித்து முடித்துவிட்டுப் படி. பேராசிரியர் ஒருவரிடம் ஆராய்ச்சி உதவியாளனாகச் சேர்ந்திருக்கிறேன். ஏ, பி என்று ரத்த இனம் சொல்கிறார்களே, அதன் அடையாளம் சிலருக்கு எச்சிலிலும் கரைந்து வரும், சிலருக்கு வராது. மூக்கும் முடியும் போல அதுவும் பெற்றவர்கள் கொடுப்பதுதான். எந்த ஊரில், எந்தக் கூட்டத்தில் எவ்வளவு பேருக்கு வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கீரப்பாளையத்தில் எங்கள் சொந்தக்காரர்களிடம் எடுத்தாயிற்று. பெரும்பாடு. யாரிடம் குழாயை நீட்டினாலும் வெற்றிலைச் சாறு சிவப்பாக விழுகிறது. விருத்தாம்பாள் சித்தி, "ஏண்டா, காலேஜில படிச்சிட்டு எச்சி பொறுக்கவா வந்திருக்க?" என்று ஊரே கேட்கிற மாதிரி கேட்டாள்.

அப்போதுதான் உன் நினைப்பு வந்தது. உங்களுக்கு நோன்பு மாதம் வருகிறது. பகலெல்லாம் வெற்றிலை இல்லை, புகையிலை இல்லை. அதைவிடச் சுத்தமான எச்சில் எனக்கு எங்கே கிடைக்கும்?

ஒரு சங்கடம் உண்டு. எடுத்த குழாய்களை உடனே கொதிக்கிற வெந்நீரில் வைத்தாக வேண்டும். அந்த அடையாளத்தைத் தின்று தீர்க்கிற சரக்கும் எச்சிலிலேயே இருக்கிறது. கொதித்தால் அது செத்துப்போகும். கொதிக்காவிட்டால் அடையாளம் இருந்தவனுக்கும் இல்லை என்று ஆகிவிடும். உன் வீட்டில் அடுப்பு கிடைக்குமா?

உன்
வைத்திலிங்கம்


786

கடலூர் ஓ.டி.
3-1-1965

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் துப்பினால் பிரம்பை எடுக்கிற வாத்தியார் நான். என்னைத் தெருவெல்லாம் துப்பச் சொல்ல வைத்துவிட்டாய். இருந்தாலும் சொன்னேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் முதலில் கேட்டேன். "துப்புறதால நோன்பு முறியாது தம்பி. ஆனா எதுக்குன்னு நாளைக்கி யாராச்சும் கேட்டா, நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் பார்க்கும் என் மாமா மகன் இஸ்மாயில்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். பெண்களிடம் என் வீட்டுக்காரி ஜெய்னப் வாங்கித் தருவாள். பாதிப் பேருக்கு இது எதற்கென்று புரியவில்லை. வாத்தியார் சொல்கிறாரே என்று வருகிறார்கள், அதை மனசில் வைத்துக்கொள்.

அடுப்பைப் பற்றிக் கவலைப்படாதே. இடியாப்பப் பானை நிறைய ஜெய்னப் தண்ணீர் கொதிக்க வைப்பாள். பன்னிரண்டாம் தேதி சாயந்திரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வருவார்கள். குழாய் பானையில் வேகட்டும், நாம் நோன்பு திறந்து சாப்பிடுவோம். நீ வருகிறாய் என்றதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை.

அப்துல் வதூது


சிதம்பரம்
19-1-1965

அன்புள்ள மச்சானுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. பாங்கு சொல்கிற நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். மத்தியானத்திலிருந்து வயிறு சரியில்லை. கூடவே பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பயம். குழாய்கள் பத்திரமாக இருக்கின்றன. வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் என் நன்றியைச் சொல்.

வைத்தி


786

கடலூர் ஓ.டி.
23-1-1965

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

வயிறு சரியில்லாதவன் அந்த ஓட்டம் ஓடி நான் பார்த்ததில்லை. கையில் பெட்டி, தோளில் பை, செருப்பு ஒரு காலில்தான் மாட்டியிருந்தது. இஸ்மாயில் இன்னும் அதை நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

ஜெய்னப் கொதிக்க வைத்த தண்ணீரில் நான் குளித்தேன்.  அம்மா வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

வதூது


சிதம்பரம்
6-7-1965

அன்புள்ள மச்சானுக்கு,

மொழிக் கிளர்ச்சியில் கல்லூரியெல்லாம் மூடிக் கிடந்ததால் வேலை தள்ளிக்கொண்டே போனது. இப்போது முடிவு வந்திருக்கிறது. நல்ல சேதி!

கீரப்பாளையத்தில் நாலில் மூன்று பேர் எச்சிலில் ரத்த இன அடையாளம் இருக்கிறது. உங்கள் தெருவில் பாதிப் பேருக்குக்கூட இல்லை. பேராசிரியர் நாற்காலியில் உட்காரவில்லை. "கடல் வழியா வந்த ரத்தம் இது, வேற மூலம்" என்று அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். டிசம்பரில் சென்னையில் நடக்கும் மாநாட்டில் இதைப் படிக்கப் போகிறார், என் பெயரையும் சேர்த்து. பேராசிரியருக்கு அடுத்து என் பெயர் மச்சான்! அது நடந்தால் எனக்கு வேலை நிரந்தரம்.

ஆகஸ்டில் உங்கள் ஊர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் அறிவியல் கண்காட்சி நடக்கிறது. அங்கே நான் இதைப் பற்றிப் பேசுகிறேன். உன் பள்ளிக்கூடத்தையே கூட்டிக்கொண்டு வா.

வைத்தி


கடலூர் ஓ.டி.
25-9-1965

நண்பர் திரு. வைத்திலிங்கம் அவர்களுக்கு,

கண்காட்சிக்கு வந்திருந்தேன். பையன்களோடு பின்னால் நின்றேன். நீங்கள் நன்றாகப் பேசினீர்கள். பெரிய அட்டையில் இரண்டு கம்பம் வரைந்திருந்தீர்கள், உயரமான கம்பத்துக்குப் பச்சை, குட்டைக் கம்பத்துக்குச் சிவப்பு. சிவப்பின் கீழே கடலூர் முஸ்லிம்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவில் ரெண்டு பேர் அரபு நாட்டு வம்சம் என்று மார் தட்டிக்கொண்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்புறம் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சபாபதி ஸ்டாஃப் ரூமில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எச்சில்லயே தெரிஞ்சி போச்சே சார், நீங்க வேற ஆளுங்கன்னு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மற்றவர்களும் விளையாட்டாகத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

போன வாரம் ஜவான்களுக்காக ரத்தம் கொடுக்கும் முகாம் போட்டார்கள். இஸ்மாயில் பண்ருட்டியிலிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்தான். வரிசையில் நின்றவனிடம் தொண்டர் ஒருவர் பெயரைக் கேட்டுவிட்டு, "உங்க ஆளுங்க ரத்தம் வேற மாதிரியாமே, கண்காட்சியில சொன்னாங்களே. நம்ம ஜவானுங்களுக்குச் சேருமோ சேராதோ, எதுக்கு வம்பு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். டாக்டர் உள்ளே இருந்தார், அவருக்குத் தெரியாது. இஸ்மாயில் யாரோடும் வாதாடவில்லை. மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "நீதான மச்சான் துப்பச் சொன்ன?" என்று மட்டும் கேட்டான்.

எதுக்கென்று கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஹஜ்ரத் அன்றைக்கே சொன்னார். நான் என்ன பதில் சொல்ல?

ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். குழாய்களை எங்கே, எப்போது கொதிக்க வைத்தீர்கள்?

அப்துல் வதூது


சிதம்பரம்
2-10-1965

அன்புள்ள வதூதுக்கு,

இஸ்மாயிலுக்கு நடந்ததைப் படித்து மனம் மிகவும் வேதனைப்பட்டது. படிக்காத தொண்டன் ஒருவன் உளறியதற்கு ஆராய்ச்சி என்ன செய்யும்? அடையாளம் எச்சிலில் வராததால் ரத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். நேரம் போதவில்லை. அறிவியலுக்கு ஜாதி, மதம் கிடையாது. அதை நீ மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், நீயே இப்படிக் கோபப்பட்டால் எப்படி? என்னை 'திரு' என்று அழைத்தது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

வைத்தி


கடலூர் ஓ.டி.
6-10-1965

வைத்தி,

எடுத்துச் சொல்லுகிறேன். அதற்கு முன்னால், நான் கேட்டது வெந்நீரைப் பற்றி.

வதூது


சிதம்பரம்
21-10-1965

வதூது,

உன் கார்டு வந்து இரண்டு வாரமாகிறது. எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதையாவது தபாலில் போடுவேனா தெரியவில்லை.

குழாய்களைப் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகுதான் கொதிக்க வைத்தேன். அத்தனை நாளும் அவை என் அறையில் பெட்டிக்குள் இருந்தன. அன்று நான் சிதம்பரம் வந்து சேருவதற்குள் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் போகி. இதுவரை உண்மை. இதோடு நிறுத்தினால் பஸ்மேலும் பூட்டுமேலும் பழி போய்விடும். நிறுத்தத்தான் ஆசை.

உன் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜெய்னப் ஒரு சிறுமியிடம் சொல்லியனுப்பினாள், தண்ணீர் கொதிக்கிறது என்று. நான் எழுந்தேன். அப்போது கூடத்தில் பாய் விரித்து, பெரிய தாம்பாளம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். சுற்றி நாலு பேர் உட்காருவார்கள், சஹன் என்பார்கள் என்று நீ ஹாஸ்டலில் சொல்லியிருக்கிறாய். நாலு பேர் கை ஒரே தட்டில். வாய்க்குப் போன கை திரும்பச் சோற்றுக்கு வரும். அதில் என்னை உட்கார வைப்பீர்கள் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். நான் சைவம், கறிக்குப் பயந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கு நானே. கறி இல்லை வதூது. எச்சில். அன்று சாயந்திரம் முழுக்க உங்கள் எச்சிலைக் கையில் ஏந்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது தெளிவாக இருக்கிறது, இது நுரையாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தவன் நான்தான். குழாயில் இருந்தவரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இன்னும் இருக்கிறது. போகிக்கு நான் கீரப்பாளையம் போனேன். போன டிசம்பரில் எங்கள் ஜனங்களின் குழாய்களை என் அம்மாவின் அடுப்பில்தான் கொதிக்க வைத்தேன், அம்மாவே விறகு தள்ளினாள். உங்கள் குழாய்களைப் பொங்கலுக்கு மெழுகிய அந்த அடுப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கொண்டுபோகவே இல்லை. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அவளைக் கேட்கவே இல்லை.

பாதிக் குழாய்களில் அடையாளம் காணவில்லை என்றபோது எனக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. ஆனால் பேராசிரியர் சந்தோஷப்பட்டுவிட்டார். என் பெயரும் சேர்கிறது என்றார். வாயை மூடிக்கொண்டேன். சிவப்புக் கம்பத்தை வரைந்தபோது கோடு நேராக வந்ததா என்றுதான் பார்த்தேன், அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஹாஸ்டலில் ஒரு நாள் என் சொம்பில் நீ வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாய். நீ போனதும் நான் அதைப் புளி போட்டுத் தேய்த்தேன். நீ பார்த்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெட்கமாக இருக்கிறது வதூது. உன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

வைத்தி


கடலூர் ஓ.டி.
29-10-1965

வைத்தி,

பார்த்தேன். துண்டை மறந்து வைத்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்தேன், நீ குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தாய். அப்படியே போய்விட்டேன். அதற்குப் பிறகு உன் சொம்பை நான் தொட்டதில்லை, நீ கவனித்திருக்க மாட்டாய். அன்றே கேட்டிருந்தால் ரெண்டு நாள் சண்டை போட்டுத் தீர்ந்திருக்கும். கேட்காமல் விட்டது என் தப்பு. உன்னைத் தெருவுக்கே கூட்டிவந்து, எல்லாரையும் துப்பச் சொன்னதும் நான்தானே?

இன்னொன்றை உனக்குச் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். சொல்லிவிடுகிறேன். உன்னை யாரும் சஹனில் உட்கார வைப்பதாக இல்லை. நீ வருவதற்கு முதல் நாளே அம்மா மஞ்சக்குப்பத்துக்கு ஆள் அனுப்பிப் புதிதாக ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்தார்கள். வாழையிலை அறுத்துவரச் சொன்னார்கள். சைவ கிளப்பிலிருந்து உனக்கு மட்டும் சாப்பாடு எடுத்துவந்து உள் அறையில் மூடி வைத்திருந்தது. "அந்தப் புள்ள நம்மூட்டுல கூச்சப்படாம சாப்புடணும்" என்று ஜெய்னப்பிடம் நாலு தரம் சொன்னார்கள். நீ ஓடின பிறகு இலையை ஆட்டுக்குப் போட்டார்கள்.

ஒன்றும் இல்லாததைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறாய். அதற்குத்தான் இஸ்மாயில் வரிசையிலிருந்து திரும்பி வந்தான்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. டிசம்பர் மாநாட்டில் அது படிக்கப்படக் கூடாது. மறுபடியும் எச்சில் எடுக்கலாமா என்று கேட்காதே. இனி இந்தத் தெருவில் ஒருத்தரும் துப்ப மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். கடலூர்த் தெருவைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுது. அதுதான் உண்மை. எங்கே பேசினாயோ அங்கேயும் வந்து அதைச் சொல்.

வதூது


சிதம்பரம்
18-12-1965

அன்புள்ள வதூதுக்கு,

பேராசிரியரிடம் போனேன். முதல் தடவை, பஸ் தாமதமானதால் குழாய்கள் கெட்டிருக்கலாம் என்றேன். அவர், "இருக்கலாம்னா? கெட்டதா இல்லையா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். பார், அப்போதும் பஸ்மேல்தான் போட்டேன். மறுநாள் போய் முழுவதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கட்டுரையிலிருந்து கடலூர்ப் பக்கத்தை எடுத்துக் கிழித்தார். அப்புறம், "கீரப்பாளயத்தையும் நான் இனி எப்படிய்யா நம்பறது?" என்று கேட்டார். மாநாட்டுக்கு எதுவும் போகவில்லை. ஏப்ரலோடு எனக்கு வேலை இல்லை.

அம்மாவிடமும் சொன்னேன். அவள், "கொண்டாந்திருந்தா வச்சிக் குடுத்திருப்பேனே. வூட்டுக்கு வெளிய மூணு கல்ல கூட்டி வச்சிருப்பேன்" என்றாள். வெளியே என்றாள், கவனித்தாயா? ஆனாலும் அவள் கொதிக்க வைத்துத்தான் கொடுத்திருப்பாள்.

ஜனவரி ஏழாம் தேதி மஞ்சக்குப்பத்தில் அறிவியல், கணக்கு ஆசிரியர்கள் கூட்டம் நடக்கிறதாமே. பேச இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். கொடுத்திருக்கிறார்கள். நீ வராவிட்டாலும் பரவாயில்லை. வராமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாகக்கூட இருக்கும்.

வைத்தி


786

கடலூர் ஓ.டி.
10-1-1966

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

வந்திருந்தேன். தூணுக்குப் பின்னால் நின்றேன். உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான்.

நொதிகள், வெப்பம், அழுகல் என்று நீ ஆரம்பித்தபோது கிளம்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த நேரத்தில்தான் சபாபதி எழுந்து, "ஏன் சார் கொதிக்க வைக்கல? அடுப்பு கெடைக்கலயா?" என்று கேட்டார். நல்ல மனுஷன், உனக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுப்பதாக நினைத்துத்தான் கேட்டிருப்பார். நீ மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு சொன்னாய். "அடுப்பு எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சி. அந்த வூட்டுல கை நனைக்கணுமேன்னு ஓடியாந்துட்டேன்."

சபாபதி உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ஸ்டாஃப் ரூமிலும் அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அவருக்கும் வெட்கம் இருக்கலாம், அல்லது பல்வலியாக இருக்கலாம். இஸ்மாயிலிடம் சொன்னேன். "சரி" என்றான். மறுபடி முகாம் போட்டால் போவாயா என்று கேட்டேன். முந்திரி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அது அவ்வளவு சீக்கிரம் ஆறாது மச்சான். அதை நீயும் நானும் தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும்.

கூட்டம் முடிந்து தேடினேன். நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறுபடியும் ஓடியிருக்கிறாய். நோன்பு திறக்கும் நேரம், எங்கள் வீடு எவ்வளவு தூரம்? போன வருஷம் அருவருப்பில் ஓடினாய், இந்த வருஷம் வெட்கத்தில். ரெண்டு வருஷமும் எங்கள் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

அம்மாவிடம், வைத்தி வந்தாலும் வருவான், அந்தப் புது டம்ளரை எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். "அது ஏது? மீன்கார ஆரோக்கியம்மா பேத்தி சடங்குக்குச் சீரு வச்சிட்டேனே" என்றார்கள். வேறொன்று வாங்கிவரட்டுமா என்றேன். நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. "வேணாம்" என்றார்கள்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது உனக்கென்று தனி டம்ளர் கிடையாது. இலையும் அறுத்து வைக்கவில்லை. சஹனில் நானும் இஸ்மாயிலும் பக்கத்து வீட்டு ரஃபியுதீனும் உட்காருகிறோம், நாலாவது பக்கம் காலியாக இருக்கிறது. பெருநாளைக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. வருவதானால், பஸ் நேரம் பார்க்காமல் வா.

வதூது